பலகையில் எழுதாத சொல்

கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் சென்ற மாதம் என்னிடம் ஒரு யோசனை சொன்னார். என் மனைவியை அடக்கம் செய்திருக்கும் இடத்தைச் சுற்றி மழைக்குப் பிறகு கோரை மண்டிவிட்டது. ஆள் வைத்துப் பிடுங்கினாலும் பத்து நாளில் மறுபடி தலைகாட்டுகிறது. "ஒரு தபா மருந்து அடிச்சிட்டா ஆறு மாசத்துக்குத் தொல்லை இல்ல சார்" என்றார். வேண்டாம் என்றேன். நான் தயங்குவதாக எண்ணிக்கொண்டு, "நல்ல மருந்து சார், வாசனைகூட வராது" என்றும் சேர்த்துக்கொண்டார். வாசனை வராது என்பது எனக்குத் தெரியும். காரணம் எதுவும் கூறாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காரணத்தை இங்கே எழுதிவைக்கிறேன். அதை முழுவதும் அறிந்திருந்த இன்னொருவர் அவள்தான்.

யுத்தம் முடிந்து, நாடும் விடுதலை பெற்று, அதன் பின் வந்த முதல் மழைக்காலம் கழிந்திருந்த சமயம் அது. மயிலாப்பூரின் கடலோரக் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்த குடும்பம் எங்களுடையது. தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்களும் குமாஸ்தாக்களுமாக இருந்தவர்கள். நான் வேதியியலில் பட்டம் பெற்றேன். தமிழில் தனியே வித்துவான் தேர்வும் எழுதித் தேறினேன். இரண்டு படிப்பும் ஒருங்கே பயன்படக்கூடிய வேலை எங்கும் இராது என்று என் தந்தையார் சொல்லிவந்தார். அவர் சொன்னது பொய்த்துவிட்டதாக நான் மகிழ்ந்த ஆண்டு அது. நகரின் தென்பகுதிச் சாலையோரங்களைத் துப்புரவாக வைத்திருக்கும் பணியைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒரு சிறு நிறுவனம் என்னை ரசாயன உதவியாளனாக அமர்த்திக்கொண்டது. நிறுவனம் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. அதன் பெயரை இப்போது நினைவில் வைத்திருப்பவர் எவரும் இருக்கமாட்டார்கள்.

அதுவரை சாலையோரப் புல்லை மண்வெட்டியால் செதுக்குவதே வழக்கம். மயிலையிலிருந்து அடையாற்றுப் பாலம் வரை செதுக்கிக்கொண்டு போகும் ஆட்கள் பாலத்தைத் தொடும்போது, தொடங்கிய இடத்தில் நாயுருவியும் கோரையும் முழங்கால் உயரம் நிற்கும். வடிகால் அடைத்து, தண்ணீர் தேங்கி, கொசு பெருகிற்று. ஆகவே ரசாயனம் தெளிப்பதென்று முடிவாயிற்று. வெள்ளைப் பாஷாணத்தைச் சோடாவோடு கொதிக்கவைத்துக் கரைத்த நீர் அது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. பீப்பாயிலிருந்து பூவாளியில் பிடித்துத் தெளித்துவிட்டால் மூன்று நான்கு நாட்களில் பச்சை கருகிவிடும். கரைசலின் வலிமையைச் சோதிப்பது எனக்கிட்ட முதல் வேலை. தெளித்த இடங்களில் நடவேண்டிய எச்சரிக்கைப் பலகைக்கு வாசகம் எழுதுவது இரண்டாவது வேலை.

முன்பெல்லாம் இத்தகைய பலகைகள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தன. இப்போது தமிழில் இருக்க வேண்டுமென்று மேலாளர் விரும்பினார். நானும் விரும்பினேன். மேலாளருக்குக் காலத்துக்கு ஏற்ப நடந்துகொள்ளும் எண்ணம். எனக்கோ, அறிவியலைத் தூய தமிழில் சொல்ல முடியும் என்று காட்டிவிட வேண்டும் என்ற ஆசை. மூன்று நாள் உழைத்து மூன்று வரிகள் எழுதினேன்:

களைகொல் நீர்மம் தெளிக்கப்பெற்றுள்ளது.
இவ்விடத்துப் புற்பூண்டுகள் நச்சுத்தன்மை எய்தியவை.
கால்நடைகளை அணுகவிடற்க.

அன்றிரவுச் சாப்பாட்டுக்கு முன் இதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். திருமணத்துக்கு முன் அவள் கன்னியர் மடத்துப் பள்ளியொன்றில் சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"'விடற்க'ன்னா விடணுமா, விடக்கூடாதா?"

"விடக்கூடாது. எதிர்மறை வியங்கோள்."

"என்கிட்ட படிச்ச பிள்ளைங்க 'விடுக'ன்னுதான் படிக்கும். அதென்ன தண்ணிங்க அது?"

வெள்ளைப் பாஷாணம் என்றேன்.

"அப்போ பாஷாணம்னே போட்டுடுங்களேன். எல்லாருக்கும் தெரியுமே."

முதல் வரைவில் அந்தச் சொல்லைத்தான் எழுதியிருந்தேன், பிறகு அடித்துவிட்டேன். அது வடசொல் என்று அவளுக்கு விளக்கினேன். மேலும் தெருச்சண்டையில் 'பாஷாணத்தைக் குடிச்சுத் தொலை' என்று ஏசுவதற்குப் பயன்படும் சொல்லைப் பொதுவிடத்துப் பலகையில் எழுதுவது கண்ணியமாக இராது என்றும் கூறினேன். அவள் சிரித்தாள். "கண்ணியமா இருக்கணும்னு பார்த்தா மாடு படிக்காதுங்க" என்று சொல்லிவிட்டு இலை போடப் போனாள். வேடிக்கைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

மேலாளர் வாசகத்தைப் பாராட்டிவிட்டு நடுவரியை நீக்கிவிட்டார். பலகை சிறியது என்பது அவர் சொன்ன காரணம். சாலையோரப் பங்களாக்களில் வசித்த பெரிய மனிதர்கள் 'நச்சு' என்ற சொல்லைக் கண்டு அஞ்சுவார்கள் என்பது அவர் சொல்லாத காரணம். நான் இணங்கினேன். முதல் வரியும் மூன்றாம் வரியும் வெள்ளை எழுத்தில் கருப்புப் பலகையில் ஏறின. தெளிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர் கேட்போருக்கெல்லாம் தம்முடைய சொல்லில் விளக்கம் கூறினார்: "புல்லுக்கு மருந்து போடுறோம்." சோற்றுப்பானை எறும்புக்குப் போடுவதும் மருந்து, வயிற்றுவலிக்குத் தருவதும் மருந்து. எங்கள் ஊர்ப் பேச்சு அப்படி. அதை நான் திருத்தவில்லை.

மேஸ்திரிக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. இந்த நீர் பட்ட புல் கருகுவதற்கு முன் உவர்ப்பேறும். மாட்டுக்கு உப்பு பிடிக்கும். தெளித்த புல்லைக் கால்நடைகள் மற்றப் புல்லைவிட விரும்பித் தின்னும் என்பதை ஒரு பாடநூலில் படித்திருந்தேன். படித்த பக்கம்கூட நினைவிருந்தது.

எங்கள் வீட்டுக்குப் பால் கொடுத்தவர் கால்வாய்க் கரையில் குடியிருந்த ஓர் அம்மாள். அவரிடம் ஒரே ஒரு பசு; செவலை நிறம். பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக மாட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து கண்ணெதிரில் கறந்து கொடுப்பார்கள். அன்றைய வழக்கம் அது. காலை ஆறரை மணிக்கு எங்கள் முறை. அவரும் என் மனைவியும் பேசிக்கொள்வது உள்ளேயிருந்த என் காதில் விழும்.

"இன்னைக்கு என்ன இவ்வளவு நுரை? நுரைக்கும் சேர்த்தா அளக்கிறே?"

"நொரைய நீ திருப்பிக் குடு, நான் எடுத்துக்கினு போறேன்."

"தண்ணி கிண்ணி..."

"தண்ணி ஊத்த நான் இன்னா கொழாயாம்மா? கண்ண நல்லா தொறந்து பாத்துக்கோ."

இப்படிச் சண்டையிட்டுக்கொள்வதில் இருவருக்கும் மகிழ்ச்சி இருந்தது. எங்கள் குழந்தைக்கு அப்போது ஒரு வயது நிறையவில்லை. தாய்ப்பால் போதாமல் இந்தப் பசுவின் பாலைத்தான் குடித்து வளர்ந்தது.

பொங்கல் கழிந்த வாரத்தில் எங்கள் பகுதியில் தெளித்தார்கள். இரண்டு நாட்களுக்குப் பின் ஒரு காலை, நான் சன்னலருகே நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தபோது வாசலில் பேச்சு வழக்கம்போல் தொடங்கிற்று.

"ரோட்டோரத்துப் புல்லுக்கு மருந்து போட்டுக்கிறாங்கோம்மா. கவர்மென்ட்டு மருந்து. செவலை இன்னா ருசியா துன்னுதுன்ற! நேத்து கயித்தப் புடிச்சு இஸ்தாகூட வரமாட்டேன்னு நின்னுச்சு."

"யாரும் திட்டலையா?"

"பொட்டிக்கடைக்காரர்தான் போர்டைப் படிச்சுச் சொன்னாரே. மாட்ட வுடச் சொல்லி எழுதிக்கீதாம்."

கத்தியை நிறுத்திவிட்டு வெளியே பார்த்தேன். மாட்டுப் பொங்கலுக்குத் தீட்டிய நீலமும் சிவப்பும் கொம்பில் இன்னும் மங்கவில்லை. வாயோரத்திலிருந்து எச்சில் நூலாகத் தொங்கிற்று. பின்னங்கால்கள் இரண்டும் நடுங்கின. பால் கறக்கும்போது மாடு இருமுறை திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. "ராத்திரி பூரா கழிச்சல். பொங்கல் சோறு ஜாஸ்தியாப் போச்சு போல" என்று அந்த அம்மாள் சொன்னார்.

பொங்கல் சோறு காரணம் அன்று என்பதை அறிய எனக்கு ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை.

அந்தக் காலை நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். முகத்தைக் கழுவித் துடைத்தேன். அந்த அம்மாள் மாட்டை ஓட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும்வரை அறையைவிட்டு வெளிவரவில்லை. பிறகு சமையலறைக்குச் சென்று, "இன்றைக்கு இந்தப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்காதே, கொட்டிவிடு" என்று மனைவியிடம் கூறினேன். ஏன் என்று கேட்டாள். கொடுக்காதே என்றால் கொடுக்காதே என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டேன். தெருவில் மூன்றாவது வீட்டு வாசலில் அவர் குந்தியிருந்து கறந்துகொண்டிருந்தார். நான் எதிர்ச் சாரிக்கு மாறி நடந்தேன்.

வேலை போய்விடும் என்ற அச்சம் இருந்தது உண்மை. ஆனால் அதைக் காரணமாகக் காட்டுவது எனக்கு நானே சலுகை கொடுத்துக்கொள்வதாகும். அந்த அம்மாளிடம் சொல்வதென்றால், பெட்டிக்கடைக்காரர் தவறாகப் படித்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். அவர் ஏன் தவறாகப் படித்தார் என்றும் சொல்ல வேண்டும். அந்தத் தமிழ் என்னுடையது.

அன்று முழுவதும் அலுவலகத்தில் கரைசல்களைச் சோதித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நடந்ததை மாலையில் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். குரலை உயர்த்தாமல், நடந்த வரிசையிலேயே சொன்னாள்.

நான் புறப்பட்ட பிறகு பால் பாத்திரத்தின் முன் சிறிது நேரம் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் அந்த அம்மாள் சொன்ன மருந்து எது என்பது அவளுக்கு மெல்ல விளங்கிவிட்டது. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தெருத்தெருவாகத் தேடியிருக்கிறாள். பத்து மணிக்குக் கால்வாய்க் கரையில் கண்டுபிடித்தபோது மாடு படுத்துவிட்டது. அது மருந்தன்று, பாஷாணம் என்று சொன்னாள். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அந்த அம்மாள் முதலில் மாட்டுக்காக அழவில்லை. "ஐயோ, பாலு!" என்று கத்தியிருக்கிறார். அன்று காலை எங்களுக்குப் பிறகு நான்கு வீடுகளில் ஊற்றியிருந்தார், நான்கிலும் சிறுபிள்ளைகள். இருவரும் ஓடினார்கள். இரண்டு வீடுகளில் பால் காய்ச்சாமல் இருந்தது. ஒரு வீட்டில் காப்பியாகிவிட்டது. கடைசி வீட்டில் ஒரு பிள்ளை அரைத் தம்ளர் குடித்திருந்தது. அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் நேரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றும் மறுநாளும் அது யாருக்கும் தெரியாது.

அதன் பிறகு மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவரை ரிக்‌ஷாவில் ஏற்றிக் கூட்டிவந்திருக்கிறாள். என்ன தின்றது என்று அவர் கேட்டதற்கு இவள் பாஷாணத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். "காலையிலேயே தெரிஞ்சிருந்தா ஏதாவது பாத்திருக்கலாம்மா" என்றிருக்கிறார் அவர். நாலு மணிக்கு மாடு செத்துவிட்டது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு என் மனைவி கூறினாள்: "உங்க ஆபீஸ் தண்ணிதான்னு அவகிட்ட சொல்லிட்டேன். போர்டு நீங்க எழுதினதுன்னும் சொன்னேன். காலையிலேயே உங்களுக்குத் தெரியும்னு மட்டும் சொல்லலை. அதை நீங்கதான் சொல்லணும்."

சாப்பாடு பரிமாறினாள்.

மறுநாள் மேலாளரிடம் மாடு செத்த செய்தியைத் தெரிவித்தேன். நகரத்தில் தினமும் மாடுகள் சாகின்றன என்றார். பலகையை மாற்ற அனுமதி கேட்டேன். பிறகு பார்க்கலாம் என்றார். மதியத்துக்கு மேல் ஒரு தகரக் குவளையில் தார் வாங்கிக்கொண்டு, மேஸ்திரியையும் அழைத்துக்கொண்டு, அடையாற்றுப் பாலம் வரை நடந்தேன். ஒவ்வொரு பலகையிலும் என் வெள்ளை எழுத்துக்களின்மேல் தாரைப் பூசி அழித்துவிட்டு, கருப்புப் பூச்சுக்குக் கீழே வெறும் மரமாக இருந்த பகுதியில் எழுதினேன்: பாஷாணம். மாடு தின்றால் சாகும். மேஸ்திரி எழுத்துக்கூட்டிப் படித்தார். "இத்த மொதல்லயே எழுதியிருக்கலாமே சார்" என்றார். பிறகு சற்று யோசித்து, "நானும் இன்னாமோ மருந்து மருந்துன்னுக்கினு இருந்தேன்" என்றார். வழியில் புல்லறுக்க வந்த பெண்களிடம் அவரே போய்ச் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்கு அவர்கள் அரிவாளைத் தரையில் போட்டுவிட்டு, கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு விலகியதை நான் பார்த்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் மாலை கோயிலுக்குச் சென்று பாவசங்கீர்த்தனம் செய்தேன். பங்குக் குரு அபராதமாகச் சில ஜெபங்கள் விதித்தார். முழந்தாளிட்டு அவற்றைச் சொல்லி முடித்துவிட்டு வீடு திரும்பினேன். நான் எங்கே போய்வந்தேன் என்பதை என் மனைவி முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டாள்.

"சாமியார்கிட்ட சொன்னது கால்வாய்க் கரைக்குக் கேட்காதுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, கோயில் உடையிலேயே இருவரும் அங்கே சென்றோம். குடிசைக்கு வெளியே அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து வறட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். பழைய சாணத்தில் தட்டியவை. எங்களைக் கண்டதும் எழுந்து நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டார். உட்காரச் சொல்ல இடம் இல்லாததற்கு வருத்தப்பட்டார்.

வழியெல்லாம் மனத்தில் அமைத்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொல்லத் தொடங்கினேன்.

"தங்கள் பசுவுக்கு நேர்ந்த கதிக்கு நானும் ஒருவகையில் காரணமாயிருக்க நேர்ந்தமை குறித்து..."

அவர் என் மனைவியைப் பார்த்தார். "இன்னாம்மா சொல்றாரு?"

என் மனைவி என் பக்கம் திரும்பவும் இல்லை, அவருக்கு விளக்கிச் சொல்லவும் இல்லை. கால்வாயில் சவுக்குக்கட்டை ஏற்றிய படகு ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் மறுபடியும் சொன்னேன். "அன்னைக்குக் காலையிலே மாட்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பாஷாணம்னு. உங்ககிட்ட சொல்லாம வேலைக்குப் போயிட்டேன்."

அப்படி ஒரு வாக்கியத்தை என் வாழ்நாளில் அதற்கு முன் நான் பேசியதில்லை. வீட்டில்கூடப் பேச்சுத்தமிழைச் சற்றுத் திருத்தியே பேசுபவன்.

அவர் கையிலிருந்த வறட்டியைக் கீழே வைத்தார்.

"உங்க வூட்டாண்ட வரசொல்லவே தெரியுமா?"

"வாசலிலே கறந்தபோதே தெரியும்."

"கொயந்தைக்குக் குடுத்துட்டீங்களா அந்தப் பால?"

"கொடுக்கலை. கொட்டச் சொல்லிட்டேன்."

"அது நல்லது" என்றார். உண்மையான நிம்மதியோடு சொன்னார் என்றே இன்றும் நம்புகிறேன். அதற்குப் பிறகுதான், தான் கேட்ட விடை முழுவதும் அவரை எட்டியது. அதுவரை என்னை 'நீங்கோ' என்றே பேசிவந்தவர்.

"நான் மூணாவது வூட்டாண்ட கறந்துக்கினு இருந்தேனே. நீ அந்தப் பக்கமா போனியே சார். பாத்தேன். சாருக்கு இன்னா அவசரமோன்னு நெனைச்சுக்கினேன்."

"ஆமாம்" என்றேன்.

"நாலு வூடு. அத்தினி புள்ளைங்க."

அதற்கும் ஆமாம் என்றேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அக்கம்பக்கத்துக் குடிசைகளிலிருந்து இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவர்களைக் கையசைத்து உள்ளே போகச் சொன்னார்.

"போ சார்" என்றார். "நீ போ. அம்மா இருக்கட்டும்."

கோயிலுக்கு உடுத்தியிருந்த வெள்ளைப் புடவையோடு என் மனைவி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான் திரும்பி நடந்தேன்.

அவள் வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டுக்கு மேலாகிவிட்டது. புடவையின் பின்புறம் முழுவதும் சாணக்கறை. குளித்தாள். குழந்தைக்குக் கஞ்சி புகட்டினாள். அந்த அம்மாள் அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வரவில்லை. வேறொருவரின் மாடுகளைப் பார்த்துக்கொண்டு வேளச்சேரிப் பக்கம் போய்விட்டதாக ஒருமுறை மனைவி சொன்னாள். எப்படித் தெரியும் என்று நான் விசாரிக்கவில்லை. மாதத்தில் ஒரு நாள் அவள் தனியாக எங்கோ போய்வருவதுண்டு. அதையும் விசாரிக்கவில்லை.

அன்று அந்த மூன்று மணி நேரம் அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்பதை அவள் சொன்னதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்றே நினைக்கிறேன். கேட்பதற்கு எத்தனையோ ஆண்டுகள் இருந்தன.